ஃப்ளவர் பிராக்கெட்டுக்காக ஒரு ராஜினாமா

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. ஆபீஸுக்கு வந்து, ஃபேனைப் போட்டு, கம்ப்யூட்டரைத் திறந்தால்… ஜெனிஃபரின் ராஜினாமா.

மொத்தமே இரண்டு வரி. வேலையை விட விரும்புகிறேன். காரணம் – ஃப்ளவர் பிராக்கெட்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, பெங்களூரில் நல்ல வேலை கிடைத்துவிட்டது, இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை – ராஜினாமாவுக்கு எத்தனையோ காரணம் பார்த்தவள் நான். ஒரு பிராக்கெட்டுக்காக யாராவது வேலையை விடுவார்களா?

விடுவார்கள். அதில் நியாயமும் இருக்கும். அது புரிய எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருகிறவர்களுக்கு எங்கள் ஆபீஸைத் தெரியும். இன்றைக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்றால், இதோ அறிமுகம். பல்லடம் ரோட்டில், ஒரு நூல் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறோம். பனியன் யூனிட்டுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறோம். எந்த லைனில் எத்தனை பீஸ் தைத்தார்கள், எத்தனை பீஸில் தப்பு, எது பேக்கிங்குக்குப் போகலாம், எது போகக்கூடாது – இதையெல்லாம் கவனித்துக்கொள்ளும் சாஃப்ட்வேர்.

'எழுதிக் கொடுக்கிறோம்' என்று நான் சொல்வது சும்மா ஒரு பெருமைக்குத்தான். எனக்குக் கோட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகள், எழுதத் தெரியாது. கஸ்டமர் போனை எடுப்பது, யார் லீவ் என்று குறித்து வைப்பது, வருகிறேன் என்று சொல்லி வராத ஏசி மெக்கானிக்கைத் திட்டுவது… இதுதான் என் டிபார்ட்மெண்ட். கோட் எழுதுகிறவர்கள் வேறு. அவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் மோகனசுந்தரம். அருள்புரத்துக்காரர். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறார். டேபிளைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். பேனா ஒரு பக்கம், தண்ணீர் பாட்டில் ஒரு பக்கம், நடுவில் நிலம் வாங்கிப் போட்ட மாதிரி காலி இடம். அவர் எழுதும் கோடும் அப்படித்தான். வரிக்கு வரி காற்றோட்டம்.

இன்னொருத்தி ஜெனிஃபர். தூத்துக்குடிப் பெண். வேலம்பாளையத்தில் ஒரு தோழியோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். எதையும் நெருக்கமாக, வேகமாகச் செய்கிறவள். ஒரே பையில் லேப்டாப், டிபன் பாக்ஸ், குடை, கொய்யாப்பழம் எல்லாவற்றையும் வைத்து ஜிப்பை மூடிவிடுவாள். அவள் கோடும் அப்படித்தான்.

இப்போது ஃப்ளவர் பிராக்கெட்டுக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் போர்டில் போடுவாரே – நடுவில் மூக்கு வைத்து, மேலும் கீழும் வளைந்து நிற்குமே – அதேதான். கோடில் 'இப்படி நடந்தால், இதையெல்லாம் செய்' என்று எழுதுவார்கள். அந்த 'இதையெல்லாம்' எது எது என்று இந்த பிராக்கெட்டுக்குள் அடைத்துக் காட்ட வேண்டும். செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை என்றால் பிராக்கெட் போடாமலும் விடலாம். கம்ப்யூட்டர் அடுத்து வருகிற ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளும். எனக்கு இவ்வளவுதான் தெரியும். இந்தக் கதைக்கு இவ்வளவு போதும்.

மோகன் பிராக்கெட்டுக்குத் தனி வரி கொடுப்பார். ஒரே ஒரு வேலை என்றாலும் பிராக்கெட் போட்டே தீருவார். ஜெனிஃபர் அதை முந்தைய வரியின் வாலில் ஒட்டிவிடுவாள். ஒரே வேலை என்றால் பிராக்கெட்டே வேண்டாம் என்பாள். உள்ளே போகிற வரிகளை மோகன் நன்றாகத் தள்ளி எழுதுவார். இவள் லேசாக நகர்த்தினால் போதும் என்பாள்.

கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது? அதற்கு இடைவெளியே கண்ணில் படாது. எப்படி எழுதினாலும் ஒன்றுதான்.

மனிதர்களுக்கு அப்படியா?

காலையில் மோகன் வந்து ஒரு ஃபைலைத் திறப்பார். முந்தின நாள் ஜெனிஃபர் அதைத் தொட்டிருப்பாள். உச்சுக் கொட்டிக்கொண்டு முதல் வேலையாக எல்லா வரியையும் தள்ளித் தள்ளி வைப்பார். சாயங்காலம் ஜெனிஃபர் அதே ஃபைலைத் திறப்பாள். எல்லாவற்றையும் இழுத்து ஒட்டுவாள். மறுநாள் காலை… சொல்ல வேண்டுமா?

இதில் பெரிய வேடிக்கை, எங்கள் ஊர் மரியாதை. சண்டைக்கும் 'ங்க' போட்டாக வேண்டும். இதை யாருங்க இப்படி ஒட்டி வெச்சது என்று மோகன் கூரையைப் பார்த்துக் கேட்பார். அந்த ஃபைலைத் தொடுவதே இரண்டு பேர்தான். ஜெனிஃபரும் எங்கள் ஊர்க் காற்று பட்டு, யாருங்க இவ்வளவு காலி மனை போட்டு வெச்சிருக்கறது என்று ஜன்னலைக் கேட்பாள். இப்படிக் கூரையும் ஜன்னலும் பேசிக்கொண்டே ஒரு வருஷம் ஓடியது. அப்புறம் அதுவும் நின்றுபோனது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னிடம் சொல்லி அனுப்ப ஆரம்பித்தார்கள். இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு தடுப்புப் பலகை. அதைச் சுற்றிக்கொண்டு நான் தூது போவேன்.

ராஜினாமா வந்தது இந்த நிலவரத்தில்தான்.

எங்கள் முதலாளி சண்முகம் அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் கோட் எழுதுகிறவர் இல்லை. பனியன் யூனிட்டில் மேனேஜராக இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். இரண்டு நல்ல டெய்லர்கள் ஒரு கத்தரிக்கோலுக்காகச் சண்டை போட்டால் இரண்டு கத்தரி வாங்கிக் கொடுக்கலாம், இதற்கு எதை வாங்கிக் கொடுப்பது என்று என்னைக் கேட்டார். நான் ஜெனிஃபரைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டேன்.

அவள் சொன்னதுதான் ஃபார்மேட்டர்.

கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை டைப் செய்து என்டரைத் தட்டினால் போதுமாம். நாம் எழுதிய கோடை அந்த டூல் மொத்தமாக எடுத்து, தன் முறைப்படி அடுக்கி வைத்துவிடும். இடைவெளி எவ்வளவு, வரி எங்கே உடைய வேண்டும், பிராக்கெட் எங்கே உட்கார வேண்டும் எல்லாம் அது முடிவு செய்வது. அர்த்தத்தில் மட்டும் கை வைக்காது. அயர்ன் கடைக்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டையைத் தேய்த்து மடித்துக் கொடுப்பார். காலரைப் பிரித்துத் தைக்கமாட்டார்.

ஜெனிஃபர் இதை வந்த புதிதிலேயே மோகனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் வேண்டாம் என்றுவிட்டாராம். இப்போது சண்முகம் அண்ணனே கூப்பிட்டுச் சொன்னதும் மோகன் முகம் வாடிவிட்டது.

"ஒவ்வொரு வரியும் நான் பாத்துப் பாத்து வெக்கறதுங்க" என்றார். "அதக் கொண்டுபோயி ஒரு மெஷின்கிட்டக் குடுத்து ஒட்டுக்காக் கலைக்கச் சொல்றீங்களே."

கேலி செய்கிற பழக்கம் உள்ள எனக்கே அந்த நேரத்தில் வாய் வரவில்லை. மனிதர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

ஆனால் சண்முகம் அண்ணன் விடவில்லை. ஜெனிஃபர் ஒரு டூலைக் கொண்டுவந்தாள். பிரச்சினை தீர்ந்தது என்று நான் நிம்மதியாக டீ சொன்னேன். டீ வருவதற்குள் அடுத்த சண்டை. அந்த டூலில் ஒரு பெரிய செட்டிங் பக்கம் இருந்தது. பிராக்கெட் எங்கே வேண்டும், இடைவெளி எவ்வளவு வேண்டும், ஒரு வரி எவ்வளவு நீளம் போகலாம் – எல்லாவற்றையும் அது நம்மைக் கேட்கிறது! ஆகவே, அதுவரை ஃபைல் ஃபைலாக நடந்த சண்டை இப்போது ஒரே பக்கத்தில், வசதியாக, உட்கார்ந்த இடத்தில் நடந்தது.

நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் சண்முகம் அண்ணன்தான், எதையுமே கேட்காத டூல் ஒன்று கிடையாதா என்று கேட்டார். இருக்கிறதாம். செட்டிங் என்று ஏறக்குறைய ஒன்றும் கிடையாதாம். அது வைத்ததுதான் சட்டம். எங்கள் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி அப்படித்தான். தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தை அவர் யாரையும் கேட்டு முடிவு செய்ததில்லை. அதனாலேயே அந்த விஷயத்தில் எங்களுக்குள் சண்டை வந்ததும் இல்லை. எல்லோரும் சேர்ந்து அவரைத் திட்டிக்கொள்கிறோம். எவ்வளவு ஒற்றுமை!

புது டூல் பிராக்கெட்டை ஜெனிஃபர் மாதிரி வாலில் ஒட்டியது. இடைவெளியை மோகன் மாதிரியும் விடவில்லை, ஜெனிஃபர் மாதிரியும் விடவில்லை, நடுவில் ஏதோ ஓர் அளவில் விட்டது. இருவருக்கும் அரை மனஸ்தாபம். சமாதானம் என்றால் வேறென்ன?

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஜெனிஃபர் என்டரைத் தட்டினாள். நாங்கள் எல்லோரும் பின்னால் நின்று பார்த்தோம். கறுப்புத் திரையில் ஃபைல் பெயர்கள் சரசரவென்று ஓடின. நின்றன. அவ்வளவுதான். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து எழுதிய அத்தனை கோடும் வரிசையில் வந்து நின்றுவிட்டது. தேங்காய் உடைக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை.

மோகன் கீழே இறங்கிப் போய்த் தனியாக டீ குடித்துவிட்டு வந்தார். பல வருஷம் வைத்திருந்த மீசையை எடுத்துவிட்டு முதல் நாள் ஆபீஸ் வந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம். யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்ற வருத்தம்.

மறுநாள் காலையிலிருந்து அவர் வேறெந்த வேலையும் செய்யவில்லை. ஃபைல் ஃபைலாகத் திறந்து படித்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டதற்கு, எல்லாம் சரியா இருக்குதான்னு பாக்கறேனுங்க என்றார். எனக்குத் தெரியாதா? அந்த டூல் எங்கேயாவது ஒரே ஓர் இடத்திலாவது எதையாவது உடைத்திருக்காதா என்று தேடிக்கொண்டிருந்தார். புது மருமகள் சமைத்த சாம்பாரில் கரண்டியை விட்டுத் துழாவுகிற மாதிரி ஒரு தேடல்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கிடைத்துவிட்டது.

என்னைக் கூப்பிட்டார். சண்முகம் அண்ணனைக் கூப்பிட்டார். பல மாதத்துக்குப் பிறகு தடுப்புப் பலகைக்கு மேலே எட்டிப் பார்த்து ஜெனிஃபரையும் நேராகக் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். ஜெனிஃபர் டிபன் பாக்ஸ் மூடியைக் கையில் பிடித்தபடியே வந்தாள்.

"பாருங்க, உள்ள இருந்த வரிய உங்க டூலு வெளியில தூக்கிப் போட்டுருச்சுங்க" என்று திரையைத் தொட்டுக் காட்டினார்.

அவர் காட்டியது குழந்தைகள் சைஸ் துணிக்கான ஒரு விதி. ஒரு பண்டிலை, அதாவது ஒரு கட்டு பீஸை, செக் செய்யும்போது, தப்பான பீஸ் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் இரண்டு வேலை நடக்க வேண்டும். ஒன்று, ரிப்போர்ட்டில் ஏற்ற வேண்டும். இரண்டு, அந்த பண்டிலை மறுபடியும் செக் பண்ண அனுப்ப வேண்டும். பழைய கோடில் இரண்டு வரியும் ஒன்றன் கீழ் ஒன்றாக, உள்ளே தள்ளி, ஜோடியாக நின்றிருக்கின்றன. இப்போது முதல் வரி மட்டும் உள்ளே இருந்தது. இரண்டாவது வரி இடது பக்கம் நகர்ந்து வந்து தனியாக நின்றது.

ஜெனிஃபர் திரையைப் பார்த்தாள். பழைய கோடையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் கையிலிருந்த மூடியை மெதுவாக டேபிளில் வைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

"அண்ணே, டூல் எதையும் தூக்கிப் போடல" என்றாள். "இது முதல்லயே வெளியதான் இருந்திருக்கு. நம்ம கண்ணுக்குத்தான் உள்ள இருக்க மாதிரி தெரிஞ்சிருக்கு."

பிராக்கெட் இல்லை. அந்த இடத்தில் ஃப்ளவர் பிராக்கெட்டே இல்லை. பிராக்கெட் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஒரு வேலையைத்தான் உள்ளே சேர்க்கும் என்று சொன்னேன் அல்லவா? இரண்டாவது வரியை நாம் எவ்வளவு அழகாக உள்ளே தள்ளி எழுதினாலும் அதற்குக் கண் தெரியாது. ஆக, தப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழந்தைகள் சைஸ் பண்டில் ஒவ்வொன்றும் மறு செக்கிங்குக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மோகன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

யார் எப்போது எந்த வரியைத் தொட்டார்கள் என்று பார்க்க ஒரு வசதி இருக்கிறது. இருவரும் அதில் பின்னோக்கிப் போனார்கள். சுலபமாக இல்லை. மோகன் தள்ளியது, ஜெனிஃபர் ஒட்டியது, மோகன் தள்ளியது என்றே பக்கம் பக்கமாக இருந்தது. அந்தக் குப்பையில் உண்மையான மாற்றம் எது என்று தேடிப் பிடிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். முதலில் அங்கே ஒரே ஒரு வேலைதான் இருந்தது. மோகன் பிராக்கெட்டோடு எழுதியிருக்கிறார். ஒரே வேலைதானே என்று ஜெனிஃபர் பிராக்கெட்டை எடுத்துவிட்டாள். தப்பில்லை. அப்புறம் மோகன் இரண்டாவது வேலையைச் சேர்த்திருக்கிறார். நான் எழுதிய இடத்தில் பிராக்கெட் இல்லாமல் எங்கே போகும் என்ற நம்பிக்கை. அந்த ஃபைலை அதற்குப் பிறகு இருவருமே எத்தனையோ தடவை திறந்து, தள்ளி, ஒட்டி… வரி அழகாக நிற்கிறதா என்று பார்த்தார்களே தவிர, அது என்ன சொல்கிறது என்று ஒருவரும் படிக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் வேறொன்று உறைத்தது.

எங்கள் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிற யூனிட்டுகளில் குழந்தைகள் சைஸ் தைப்பது முதலிபாளையத்தில் ஒன்று மட்டும்தான். அங்கே புரொடக்‌ஷன் மேனேஜர் தங்கராசு. முந்தின வாரம்தான் எனக்குப் போன் செய்து, குழந்தைகள் சைஸ் ஓடுகிற லைனின் மறு செக்கிங் கணக்கை எடுத்து அனுப்பச் சொன்னார். அந்த லைன் சூப்பர்வைசர் ரேவதியை மாற்றப்போகிறோம், ஓனருக்குக் காட்ட வேண்டும் என்றார். நானும் எடுத்து அனுப்பினேன். பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். மற்ற லைன்களில் எப்போதாவது ஒரு பண்டில் திரும்பி வருகிறது. ரேவதி லைனில் எல்லாமே திரும்பி வருகிறது.

ரேவதி டெய்லராக இருந்து சூப்பர்வைசர் ஆனவர். அவர் அந்த லைனுக்கு வந்ததும், எங்கள் கோடில் இந்தக் கோளாறு வந்ததும் ஏறக்குறைய ஒரே சமயம். ஆள் மாறியதிலிருந்துதான் இப்படி என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். மறு செக்கிங்கில் ஒன்றும் கிடைக்காமலா இருக்கும்? தப்பைத் தேடு என்று ஒருவரிடம் பீஸைக் கொடுத்தால், தொங்குகிற ஒரு நூலையாவது கண்டுபிடித்துக் காட்டத்தானே செய்வார்?

நான் இதைச் சொல்லிவிட்டு, உடனே தங்கராசுவுக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமையிலிருந்து ரேவதி மறுபடி மெஷினில் உட்கார வேண்டும், சொல்லியாகிவிட்டது என்றார். எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்டார். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

சண்முகம் அண்ணனுக்குக் கவலை வந்துவிட்டது. அவரைக் குறை சொல்லமாட்டேன். கஸ்டமர் போனால் சம்பளம் யார் தருவது? கோளாறைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம், புது அப்டேட் என்று சொல்லி ஏற்றிவிடலாம், திங்கட்கிழமையிலிருந்து கணக்கு தானாகக் குறைந்துவிடும் என்றார்.

குறையும். சரியாக ரேவதி போன நாளிலிருந்து குறையும். ஆள் மாறியதும் தப்பு குறைந்துவிட்டது பார் என்று ஊரே சொல்லும்.

இதை நான் வாயைத் திறந்து சொல்வதற்குள் மோகன் எழுந்துவிட்டார்.

"அந்தம்மா பேரு கெட்டுக் கெடக்குதுங்க. நான் போயிச் சொல்லிட்டு வந்தர்றேன்."

"நானும் வாறேன்" என்றாள் ஜெனிஃபர்.

ஒரு விஷயத்தில் இந்த இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். சண்முகம் அண்ணனும் பார்த்தார்.  அப்புறம் கார் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்து, நீங்களும் போயிட்டு வாங்க மேடம், நான் தங்கராசுகிட்டப் பேசிக்கறேன் என்றார். முதலாளி என்றால் அப்படி.

சனிக்கிழமை காலையில் போனோம்.  தங்கராசு எங்களை உட்காரவைத்து முழுசாகக் கேட்டார். கோபப்பட்டார். கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. கணக்கு இல்லாமல் நான் எதுவும் செய்வதில்லை, உங்கள் கணக்கையே நம்பினேன் என்றார்.  பிறகு ரேவதியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

வந்தார். என்னைவிட இளையவர். கழுத்தில் இன்ச் டேப். மோகன் எழுந்து நின்றுதான் பேசினார். பிராக்கெட், வரி என்று ஆரம்பித்து, அந்த அம்மாவுக்குப் புரியாது என்று தெரிந்ததும் நிறுத்தினார். எங்க சாஃப்ட்வேர்ல தப்புங்க, உங்க லைன் பண்டில் எல்லாத்தையும் அதுவாத் திருப்பி அனுப்பியிருக்குது, உங்க மேல தப்பில்லீங்க என்று சொல்லி முடித்தார்.

ரேவதி அழுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லாவிட்டால் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. எங்க லைன்ல தப்பே வரலீங்களா என்று கேட்டார்.

எல்லா லைனிலும் வருகிற அளவுதான் என்றார் மோகன்.

அந்தப் பெண் இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். பிறகு சொன்னார்: "இத்தன மாசமா அந்தப் புள்ளைங்கள நான் பேசாத பேச்சில்லீங்க. கை சரியில்ல, கவனம் சரியில்லன்னு… நான் போயிச் சொன்னா எப்படிங்க நம்புவாங்க? நீங்களே வந்து சொல்லீருங்க."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. அவருக்குத் தன் வேலை இருக்கிறதா, போகிறதா என்பதுகூட அப்போது ஞாபகம் வரவில்லை. கம்ப்யூட்டர் சொன்னதை ஊரைவிட அதிகமாக நம்பியவர் அவர்தான். தன் லைன் மோசம் என்று தானே முடிவு செய்து, கூட வேலை செய்கிறவர்களைத் தினமும் விரட்டியிருக்கிறார்.

தையல் ஹாலுக்குப் போனோம். ரேவதி கையைக் காட்டியதும் அந்த லைனில் மட்டும் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மற்ற லைன்கள் ஓடிக்கொண்டிருந்ததால் மோகன் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. ஆபீஸில் கூரையிடம் பேசிப் பழகியவர். அன்றைக்கு ஒரு வரிசை முழுக்க டெய்லர்களின் முகத்தைப் பார்த்துப் பேசினார். சொன்னது கொஞ்சம்தான். தப்பு உங்களோடது இல்லீங்க, நாங்க எழுதுனதுலங்க, மன்னிச்சுக்கங்க.

பாதிப் பேருக்குப் புரியவில்லை. வடக்கிலிருந்து வந்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் ஜெனிஃபர் முன்னால் வந்தாள். அவள் குடியிருக்கும் காம்பவுண்டில் பாதிக் குடும்பம் பீகார். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கற்றுக்கொண்ட இந்தி. அதை வைத்துக்கொண்டு, கல்தி ஆப் லோகோன் கீ நஹீன் தீ என்று ஆரம்பித்து, தப்பு உங்களுடையது இல்லை என்பதை எப்படியோ சொல்லி முடித்தாள்.

நடு மெஷினில் இருந்த ஒரு பெண், துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "கிஸ்கி தீ?" என்று கேட்டாள். அப்படியானால் யாருடையது?

ஜெனிஃபர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஹம் தோனோன் கீ" என்றாள்.

மோகன் அவள் பக்கம் குனிந்து, என்ன கேட்டாங்க, என்ன சொன்னீங்க என்று விசாரித்தார்.

"யாரு தப்புன்னு கேட்டாங்க அண்ணே. நம்ம ரெண்டு பேரு தப்புன்னு சொன்னேன்."

மோகன் தலையாட்டினார். அந்தப் பெண்ணைப் பார்த்து, ஆமாம் என்று இன்னொரு தடவை தலையாட்டினார். மொழி தேவைப்படவில்லை. லைனில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் ரேவதியைப் பார்த்து இந்தியில் ஏதோ சொல்ல, அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு. ரேவதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சூப்பர்வைசர் அல்லவா? கேட்டாச்சில்ல, வேலையப் பாருங்க என்று விரட்டிவிட்டு, நூல் வெட்டும் டேபிள் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது.  நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டோம்.

திங்கட்கிழமை ரேவதி அதே லைனில்தான் நின்றார். தங்கராசுவே போன் செய்து சொன்னார். எங்கள் சாஃப்ட்வேரையும் அவர் கைவிடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் எந்த ரிப்போர்ட் அனுப்பினாலும் இரண்டு தடவை கேள்வி கேட்கிறார். கேட்கட்டும். முன்பே கேட்டிருக்கலாம். நாங்களும் எங்களை நாங்களே கேட்டிருக்கலாம்.

ஜெனிஃபர் ராஜினாமாவை வாபஸ் வாங்கவில்லை. நான்தான் அந்த மெயிலை அழித்துவிட்டேன். அவள் கேட்கவும் இல்லை. தடுப்புப் பலகையை மட்டும் காணோம். யார் கழற்றியது என்று விசாரித்தால், ஆளாளுக்குக் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார்கள்.

இப்போது எங்கள் ஆபீஸில் எழுதி முடித்ததும் எல்லோரும் அந்தக் கட்டளையைத் தட்டிவிடுகிறார்கள். எல்லோர் கோடும் ஒரே மாதிரி இருக்கிறது. அடுத்தவர் கோடைத் திறந்ததும் அவரவர் கண்ணுக்கு முதலில் தெரிவது, அது என்ன செய்கிறது என்பதுதான். போன வாரம் மோகன் ஜெனிஃபர் எழுதியதைப் படித்துவிட்டு, இந்தப் புள்ள நல்லாத்தான் யோசிக்குதுங்க என்றார். இத்தனை நாள் பக்கத்து டேபிளில் இருந்தவளைப் பற்றி! நானும் வீட்டுக்குப் போய் ஒருவரை நினைத்துப் பார்த்தேன். கையெழுத்து பிடிக்கவில்லை, குரல் பிடிக்கவில்லை, உட்காரும் விதம் பிடிக்கவில்லை என்று அவர் சொல்ல வந்ததையே நான் இதுவரை கேட்டதில்லை. யார் என்று இங்கே எழுதமாட்டேன். இந்தப் பக்கத்தை அவரும் படிக்கிறார்.

ஒரேயடியாகச் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நேற்றைக்குக் கோடில் எதற்கோ பெயர் வைக்க வேண்டியிருந்தது. மோகன் நீளமான பெயர் வேண்டும் என்றார். ஜெனிஃபர் சுருக்கமாகப் போதும் என்றாள். நேருக்கு நேராக, சத்தமாக, ஆளுக்கொரு டீயோடு மத்தியானம் வரை சண்டை.

பெயர் வைக்கிற டூல் எதுவும் இன்னும் வரவில்லையாம். வராமலே இருக்கட்டும்.